பொருளும் சீட்டும்: கணிப்பொறி நிரலில் வகைப் பெயர்களைக் களையும் முறை

வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி. இந்தப் பெயர்களைக் கேட்டவுடன் நம் வாசகர்களுக்குச் சோதனைச் சாவடி நினைவுக்கு வராமல் இராது. எல்லையோரத்தில் வாழும் நமக்குச் சரக்கும் சீட்டும் பழகிப்போன விஷயங்கள். 2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வரும்வரை வாளையார் வணிகவரிச் சாவடியில் லாரிகள் மணிக்கணக்கில் வரிசையாக நின்றதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஓட்டுநர் கையில் பில்லும் டெலிவரி நோட்டும் இருக்கும். லாரியின் மேல் மூட்டைகள் இருக்கும். அதிகாரி சீட்டைப் பார்த்துச் சரக்கைச் சரிபார்ப்பார். சீட்டில் குறை இருந்தால் லாரி நகராது. ஆனால் கடைசியில் வீட்டுச் சமையலறைக்குப் போய்ச் சேருவது மூட்டையில் உள்ள பொருள்தானே தவிர, சீட்டு அன்று. சீட்டை வைத்துக் குழம்பு வைக்க முடியாது!

இன்றைய கணிப்பொறி நிரல்களிலும் இதே போன்று பொருள் என்றும் சீட்டு என்றும் இரண்டு உண்டு. நிரல் எழுதும்போது சரிபார்ப்பதற்கு மட்டும் பயன்படுபவை சில. நிரல் ஓடும்போது உண்மையில் வேலை செய்பவை சில. சரிபார்த்து முடிந்த பிறகு முதல் வகையை முழுவதுமாகக் களைந்துவிட்டு, இரண்டாவதை மட்டும் அனுப்ப வேண்டும். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது அல்லவா? ஆனால் எது பொருள், எது சீட்டு என்று கருவிக்குத் தெரியாமல் போனால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த நிரல் ஒரு வரிகூட ஓடாமல் நின்றுவிடும். அது ஏன், அதைத் தவிர்ப்பது எப்படி என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம். மூணாறு, பீர்மேடு, தேவிகுளம் தோட்டங்களிலிருந்தும் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்தும் இன்று பல பிள்ளைகள் மென்பொருள் வேலைக்குப் போகிறார்கள். அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். கணிப்பொறி தெரியாத பெற்றோர்களும் படித்தால் புரியும்படி எழுத முயன்றிருக்கிறேன்.

டைப்ஸ்கிரிப்ட் வந்த கதை

இணையப் பக்கங்களை இயங்க வைக்கும் மொழி ஜாவாஸ்கிரிப்ட். 1995-ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் இதை உருவாக்கினார். மிகவும் இளகிய சுபாவம் உள்ள மொழி இது. எண்ணைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும், எழுத்தைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். அந்த இளகிய மனமே சில சமயம் ஆபத்தாக முடிவதுண்டு.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஏலக்காய் மூட்டை ஒன்றின் எடை 50 கிலோ. இன்னொன்று 20 கிலோ. கூட்டினால் 70. ஆனால் முதல் எடை ஒரு படிவத்தில் தட்டச்சு செய்யப்பட்டு எழுத்தாக வந்திருந்தால், ஜாவாஸ்கிரிப்ட் அதை எண்ணாகக் கருதாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி 5020 என்று சொல்லிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. கணக்கு மட்டும் தப்பாகப் போகும். விவசாயியின் பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் இது எவ்வளவு பெரிய வினை என்று சொல்லத் தேவையில்லை.

இந்தக் குறையைப் போக்க மைக்ரோசாப்ட் நிறுவனம் 2012 அக்டோபரில் டைப்ஸ்கிரிப்ட் என்னும் மொழியை வெளியிட்டது. இதை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர் ஆண்டர்ஸ் ஹெயில்ஸ்பர்க். தொண்ணூறுகளில் கல்லூரியில் டர்போ பாஸ்கல் படித்தவர்கள் நம் வாசகர்களில் இருப்பார்கள். அந்த டர்போ பாஸ்கலை உருவாக்கியவரும் இவரே. டெல்பி, சி ஷார்ப் ஆகியவற்றிலும் இவருடைய கைவண்ணம் உண்டு.

டைப்ஸ்கிரிப்ட் புதிய மொழி என்பதைவிட, ஜாவாஸ்கிரிப்டுக்கு மேல் சாத்திய ஒரு சாரம் என்று சொல்வது பொருந்தும். வீடு கட்டும்போது கொத்தனார் சாரம் கட்டுகிறார். பூச்சு வேலை முடிந்ததும் அவிழ்த்துவிடுகிறார். குடியிருக்க வருபவர் சாரத்தைப் பார்ப்பதில்லை. அதுபோல டைப்ஸ்கிரிப்டில் எழுதும் வகைக் குறிப்புகள் நிரலர் கண்ணுக்கும் கம்பைலர் கண்ணுக்கும் மட்டுமே. உலாவியில் ஓடப்போவது பழைய ஜாவாஸ்கிரிப்ட்தான்.

வகை என்றால் என்ன?

"எடை என்பது எண், தரம் என்பது எழுத்து, விவசாயியின் பெயர் என்பது எழுத்து. இம்மூன்றும் சேர்ந்தது ஒரு மூட்டை" என்று முன்கூட்டியே அறிவித்து வைப்பதற்கு வகை என்று பெயர். டைப்ஸ்கிரிப்டில் இதை இன்டர்ஃபேஸ் என்று எழுதுவார்கள். இப்படி அறிவித்த பிறகு எடை இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தை வைத்து எழுதினால் கம்பைலர் உடனே தடுத்து நிறுத்தும். சாவடி அதிகாரியின் வேலையை அது செய்கிறது.

இப்போது இரண்டு கோப்புகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதல் கோப்பின் பெயர் 'சரக்கு'. அதில் இரண்டு விஷயங்கள் உள்ளன. ஒன்று, 'மூட்டை' என்னும் வகை அறிவிப்பு. மற்றொன்று, 'விலைபோடு' என்னும் செயல்கூறு. எடையையும் கிலோ விலையையும் பெருக்கித் தொகை சொல்வது அதன் வேலை. இவ்விரண்டையும் சரக்குக் கோப்பு வெளியே தருகிறது. இதற்கு எக்ஸ்போர்ட், அதாவது ஏற்றுமதி என்று பெயர். இரண்டாவது கோப்பின் பெயர் 'பட்டியல்'. அது மூட்டை, விலைபோடு ஆகிய இரண்டையும் சரக்கிலிருந்து பெற்றுக்கொள்கிறது. இது இம்போர்ட், அதாவது இறக்குமதி.

நிரல் எழுதும்போது இரண்டு பெயர்களும் ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் 'விலைபோடு' உண்மையான பொருள்; ஓடும்போது அதைக் கூப்பிட வேண்டும். 'மூட்டை' வெறும் சீட்டு. சரிபார்த்தவுடன் அதன் வேலை முடிந்துவிட்டது.

ஏன் களைய வேண்டும்?

டைப்ஸ்கிரிப்டை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றும்போது, சரக்குக் கோப்பிலிருந்து 'மூட்டை' வகை முழுவதுமாக மறைந்துவிடும். அங்கே இப்போது 'விலைபோடு' ஒன்றுதான் மிச்சம். இந்நிலையில் பட்டியல் கோப்பில் "சரக்கிலிருந்து மூட்டையும் விலைபோடும் எனக்கு வேண்டும்" என்ற வரி மாறாமல் அப்படியே இருந்தால் என்ன ஆகும்?

2015 ஜூனில் வெளிவந்த ஜாவாஸ்கிரிப்ட் தரநிலையில் இறக்குமதி, ஏற்றுமதிக்கான முறையான விதிகள் சேர்க்கப்பட்டன. அவ்விதிகளின்படி, நிரலின் முதல் வரி ஓடுவதற்கு முன்பே எல்லாக் கோப்புகளும் ஒன்றோடொன்று இணைக்கப்படுகின்றன. ஒரு கோப்பு கேட்கும் ஒவ்வொரு பெயரும் மற்றக் கோப்பில் இருக்கிறதா என்று அப்போதே பார்க்கப்படும். ஒரே ஒரு பெயர் இல்லாவிட்டாலும் "அந்தப் பெயரில் ஏற்றுமதி எதுவும் இந்தக் கோப்பில் இல்லை" என்ற பொருளில் பிழைச் செய்தி வந்து எல்லாம் நின்றுவிடும். குடோனில் இல்லாத ஒரு பொருள் ஏற்றுமதிப் பட்டியலில் எழுதியிருக்கிறது என்பதற்காக லாரியே புறப்படாமல் நிற்பதைப் போன்றது இது. மற்ற தொண்ணூற்றொன்பது பொருள்கள் தயாராக இருந்தும் பயனில்லை.

இதற்கு முன்பு நோட் என்னும் இயக்கச் சூழலில் வழங்கிவந்த பழைய முறை வேறு மாதிரியானது. அங்கே இல்லாத பெயரைக் கேட்டால் வெறுமை கிடைக்கும், நிரல் நிற்காது. ஆனால் தேவையில்லாமல் அந்தக் கோப்பு முழுவதும் ஏற்றப்படும். இதிலும் ஒரு நஷ்டம் உண்டு. வரைபடம் காட்டும் பெரிய நூலகம் ஒன்றிலிருந்து ஒரு வகைப் பெயரை மட்டும் நாம் எடுத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அந்த இறக்குமதி களையப்படாமல் போனால் நூலகம் முழுவதும் பயனரின் கைப்பேசிக்கு வந்து இறங்கும். நகரத்தில் இருப்பவருக்கு இது பெரிதாகத் தெரியாது. சிக்னல் ஒரு கோடு காட்டும் மலைச்சரிவில், மூன்றாவது முறை முயன்று பக்கத்தைத் திறக்கும் தோட்டத் தொழிலாளிக்கு அது நன்றாகவே தெரியும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 'அ' என்ற கோப்பு 'ஆ'வைக் கேட்கிறது. 'ஆ' திரும்பவும் 'அ'வைக் கேட்கிறது. இப்படி வட்டமாகச் சுற்றிவந்தால், எது முதலில் தயாராவது என்ற குழப்பம் வரும். இரண்டில் ஒன்று வெறும் வகைக்காகக் கேட்டதாக இருந்தால், அதைக் களைந்தவுடன் வட்டம் அறுந்து வழி நேராகிவிடும்.

கம்பைலர் தானாகவே களைவது எப்படி?

டைப்ஸ்கிரிப்டின் சொந்தக் கம்பைலர் எல்லாக் கோப்புகளையும் ஒன்றாக வைத்துப் படிக்கிறது. ஆகவே 'மூட்டை' என்பது வகைதான் என்று அதற்குத் திட்டமாகத் தெரியும். இறக்குமதி செய்த பெயர் அந்தக் கோப்பில் வகை எழுதும் இடங்களில் மட்டும் வருகிறதா, ஓடும் இடத்தில் எங்காவது வருகிறதா என்று பார்க்கும். வகை இடங்களில் மட்டும் வந்தால் அந்தப் பெயரை வரியிலிருந்து எடுத்துவிடும். ஒரு வரியிலுள்ள எல்லாப் பெயர்களும் இப்படிப் போய்விட்டால் வரியையே எடுத்துவிடும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. சில கோப்புகள், ஏற்றப்படும்போதே ஒரு வேலையைச் செய்து முடிக்கும். உதாரணமாக, அச்சுப்பொறியைப் பதிவு செய்வது, தேதி வடிவத்தை அமைப்பது போன்றவை. அப்படிப்பட்ட கோப்பிலிருந்து ஒரு வகைப் பெயரை மட்டும் கேட்டிருந்தால், கம்பைலர் "இது சீட்டுதானே" என்று வரியைக் களைந்துவிடும். கோப்பு ஏற்றப்படாது, அது செய்ய வேண்டிய வேலையும் நடக்காது. பிழைச் செய்தியும் வராது. இதற்குப் பரிகாரம் எளிது. பெயர் எதையும் குறிப்பிடாமல் "இந்தக் கோப்பை ஏற்று" என்று மட்டும் தனியாக ஒரு வரி எழுதிவிட வேண்டும். அப்படிப்பட்ட வரி களையப்படுவதில்லை.

கிளாஸ் எனப்படும் வகுப்பு இன்னும் வேடிக்கையானது. அது பொருளாகவும் இருக்கும், சீட்டாகவும் இருக்கும். புதிய உருப்படி ஒன்றைப் படைக்கப் பயன்படுத்தினால் பொருள். "இந்த மாறியில் இருப்பது அந்த வகுப்பைச் சேர்ந்தது" என்று குறிக்க மட்டும் பயன்படுத்தினால் சீட்டு. ஒரே பெயர், இடத்தைப் பொறுத்து வேறு வேறு தன்மை. ஆகையால் பெயரைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய இயலாது. அது நிற்கும் இடத்தையும் பார்க்க வேண்டும்.

ஒரு கோப்பை மட்டும் பார்க்கும் கருவிகள்

கம்பைலர் எல்லாக் கோப்புகளையும் படிப்பதால் நேரம் பிடிக்கும். பெரிய நிரல் என்றால் ஒவ்வொரு முறையும் காத்திருக்க வேண்டும். ஆகவே வகைகளைச் சரிபார்க்காமல், ஒவ்வொரு கோப்பாக எடுத்து வகைக் குறிப்புகளை மட்டும் உரித்துவிடும் வேகக் கருவிகள் வந்தன. பேபல் 2018 ஆகஸ்டில் வெளிவந்த ஏழாம் பதிப்பிலிருந்து இதைச் செய்கிறது. ஃபிக்மா நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான ஈவன் வாலஸ் எழுதிய ஈஎஸ்பில்ட், ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட எஸ்டபிள்யூசி ஆகியவையும் இப்படிப்பட்டவையே.

இக்கருவிகள் பட்டியல் கோப்பை மாற்றும்போது சரக்குக் கோப்பைத் திறந்து பார்ப்பதில்லை. அப்படியானால் 'மூட்டை' சீட்டு என்று எப்படிக் கண்டுபிடிக்கும்? கையில் உள்ள கோப்பிலேயே தேடும். அந்தப் பெயர் ஓடும் இடம் எதிலும் வரவில்லை என்றால் சீட்டாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊகித்துக் களைந்துவிடும். பெரும்பாலும் இந்த ஊகம் பலிக்கும்.

பலிக்காத இடம் ஒன்று உண்டு. அதுதான் மறு ஏற்றுமதி. ஒரு கோப்பு மற்றக் கோப்புகளிலிருந்து பெயர்களை வாங்கி, தான் எதுவும் பயன்படுத்தாமல், அப்படியே வெளியே தருகிறது. கமிஷன் மண்டியைப் போன்றது இது. மூட்டை உள்ளே வருகிறது, பிரிக்காமலே வெளியே போகிறது. மண்டிக்காரர் பிரித்துப் பார்க்கவில்லை. ஆகவே உள்ளே இருப்பது ஏலக்காயா, வெறும் காகிதமா என்று அவருக்குத் தெரியாது. ஒரு கோப்பை மட்டும் பார்க்கும் கருவியின் நிலையும் அதுவே. களைந்தாலும் தவறாகலாம், விட்டாலும் தவறாகலாம். பொதுவாக அது களையாமல் விட்டுவிடும். நிரல் உலாவிக்குப் போனதும் நின்றுவிடும்.

இதற்கு நேர்மாறான கஷ்டம் வியூ, ஸ்வெல்ட் போன்ற சட்டகங்களில் எழுதுபவர்களுக்கு ஏற்பட்டது. அங்கே இறக்குமதி செய்த பெயர் நிரல் பகுதியில் வராமல், திரையில் காட்டும் பகுதியில் மட்டும் வரக்கூடும். நிரல் பகுதியை மட்டும் பார்த்த கம்பைலர், "இதை யாரும் பயன்படுத்தவில்லை" என்று உண்மையான பொருளையே களைந்துவிடும். சீட்டு என்று நினைத்து மூட்டையையே தூக்கி எறிந்த கதை!

பழி யார்மேல்?

இவ்விடத்தில் நான் அருகிலிருந்து பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளை ஒருவன், கம்பம்மெட்டுப் பக்கத்து ஏலக்காய் வியாபாரி ஒருவருக்குக் கொள்முதல் கணக்கு நிரல் எழுதிக் கொடுத்தான். தமிழ் வழியில் படித்தவன். நிரலுக்குள் மாறிகளுக்கும் செயல்கூறுகளுக்கும் எடை, தரம், மூட்டை, பற்று என்று தமிழிலேயே பெயர் வைத்திருந்தான். நன்றாக ஓடியது. பிறகு வேகத்துக்காக, ஒவ்வொரு கோப்பாக மாற்றும் கருவிக்கு மாறினான். மறுநாள் காலையில் திரை வெள்ளையாக நின்றது. கொள்முதல் நாள் அது. வியாபாரி பழையபடி நோட்டுப் புத்தகத்தில் எழுதிச் சமாளித்தார்.

பார்த்த நண்பர்கள், "தமிழில் பெயர் வைத்தால் இப்படித்தான் ஆகும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். பையன் என்னிடம் வந்து, "அண்ணே, எல்லாப் பேரையும் இங்கிலீஷ்ல மாத்திடட்டுமா?" என்று கேட்டான். அவன் முகத்தில் நிரல் நின்றதைவிட இந்த வருத்தமே பெரிதாகத் தெரிந்தது.

பிழைச் செய்தியை இருவரும் பொறுமையாகப் படித்தோம். 'மூட்டை' என்ற ஏற்றுமதி இல்லை என்றுதான் அது சொன்னது. தமிழ் என்றோ எழுத்துரு என்றோ ஒரு சொல்லும் இல்லை. நிரலுக்கு ஒரு படி எடுத்து, அந்த ஒரு பெயரை மட்டும் எல்லா இடத்திலும் ஆங்கிலத்தில் மாற்றிப் பார்த்தோம். அதே பிழை ஆங்கிலப் பெயருடன் வந்தது! ஆக, மொழி குற்றவாளி அன்று என்று தெளிவாயிற்று. மறு ஏற்றுமதிக் கோப்பில் அந்தப் பெயருக்கு முன்னால் 'டைப்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்தோம். தமிழ்ப் பெயருடனேயே நிரல் ஓடியது.

ஜாவாஸ்கிரிப்ட் விதிகள் யூனிகோட் எழுத்துகளைப் பெயர்களில் அனுமதிக்கின்றன. நம் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் அதில் அடங்கும். ஒரே ஒரு எச்சரிக்கை உண்டு. 'கொ' போன்ற எழுத்தில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் பதியலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் பதியலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் ஜாவாஸ்கிரிப்டுக்கு அவை வேறு வேறு பெயர்கள். ஒரே விசைப்பலகை முறையைப் பயன்படுத்தினால் இத்தொல்லை பெரும்பாலும் வராது. தமிழ்மீது பழிபோடுவதற்கு முன் பிழைச் செய்தியை ஒரு முறை முழுவதும் படிப்பது நல்லது.

'டைப்' என்னும் முத்திரை

மேலே சொன்ன ஒற்றைச் சொல்தான் இன்றைய தீர்வு. பேஸ்புக் நிறுவனத்தின் ஃப்ளோ என்னும் கருவியில் முன்பே இருந்த வழக்கத்தை ஒட்டி, 2020 பிப்ரவரியில் வந்த டைப்ஸ்கிரிப்ட் 3.8 பதிப்பில் 'இம்போர்ட் டைப்', 'எக்ஸ்போர்ட் டைப்' என்னும் அமைப்புகள் சேர்க்கப்பட்டன. "இது சீட்டு மட்டுமே" என்று நிரலரே முத்திரை குத்திவிடுகிறார். இனி எந்தக் கருவியும் ஊகிக்க வேண்டியதில்லை. முத்திரை உள்ளதைக் களை, இல்லாததைத் தொடாதே. அவ்வளவுதான்.

முத்திரை குத்திய பெயரைப் பிறகு பொருளாகப் பயன்படுத்த முயன்றால் கம்பைலர் விடாது. 'இம்போர்ட் டைப்' மூலம் பெற்ற வகுப்பைக் கொண்டு புதிய உருப்படி படைக்க முடியாது. சீட்டைக் காட்டிப் பொருளை விற்கப் பார்த்தால் அதிகாரி பிடிப்பார் அல்லவா, அதைப் போல.

2021 நவம்பரில் வந்த 4.5 பதிப்பில் இன்னும் ஒரு வசதி கிடைத்தது. ஒரே வரியில் பொருளும் சீட்டும் கலந்து இருக்கும்போது, சீட்டுப் பெயருக்கு முன்னால் மட்டும் 'டைப்' என்று போடலாம். நம் உதாரணத்தில் "டைப் மூட்டை, விலைபோடு" என்று எழுதினால், மாற்றிய பின் 'விலைபோடு' மட்டும் நிற்கும்.

2023 மார்ச்சில் வந்த 5.0 பதிப்பில் 'வெர்பேட்டிம் மாட்யூல் சின்டாக்ஸ்' என்னும் அமைப்பு வந்தது. எழுதியது எழுதியபடியே என்பது இதன் பொருள். இதை இயக்கிவிட்டால் கம்பைலரும் ஊகிப்பதை நிறுத்திவிடும். 'டைப்' இருந்தால் களையும்; இல்லாவிட்டால் வரி அப்படியே இருக்கும். முத்திரை குத்த மறந்தால் எழுதும்போதே பிழை காட்டும். முந்தைய பதிப்புகளில் இதே நோக்கத்துக்காக வந்த இரண்டு அமைப்புகளை இது ஓய்வுபெறச் செய்தது.

இதில் நுட்பமான வேறுபாடு ஒன்று உண்டு. வரியின் தொடக்கத்தில் 'இம்போர்ட் டைப்' என்று எழுதினால் வரி முழுவதும் மறையும், கோப்பு ஏற்றப்படாது. சாதாரண இம்போர்ட் வரியில் பெயர்களுக்கு முன் மட்டும் 'டைப்' போட்டால், மேற்சொன்ன அமைப்பின்கீழ், பெயர்கள் மறையும், ஆனால் வரி வெறுமையாக நிற்கும், கோப்பு ஏற்றப்படும். லாரியில் ஒரு மூட்டையும் இல்லை, ஆனாலும் லாரி வந்து போகிறது! கோப்பு ஏற்றப்படத் தேவையில்லை என்றால் முதல் முறையே சிறந்தது.

நோட் செய்த மாற்றம்

இதெல்லாம் பெரிய நிறுவனங்களின் கவலை என்று எண்ண வேண்டாம். 2024 ஆகஸ்டில் வந்த நோட் 22.6 பதிப்பு, டைப்ஸ்கிரிப்ட் கோப்பை நேரடியாக ஓட்டும் வசதியைச் சோதனை முறையில் தந்தது. 2025 ஜனவரியில் வந்த 23.6 பதிப்பிலிருந்து தனியாக எதையும் இயக்காமலே இது கிடைக்கிறது. மாணவர் ஒருவர் கோப்பை எழுதி, தனியே மாற்றாமல், உடனே ஓட்டிப் பார்க்கலாம்.

நோட் செய்வது வகைச் சரிபார்ப்பு அன்று. வகைக் குறிப்புகளை வெறும் இடைவெளியாக மாற்றுவது மட்டுமே. ஒரு சொல்லை அழித்தால் அத்தனை எழுத்து அளவுக்கு வெற்றிடம் வைக்கும். எதற்காக? பிழை வந்தால் "இத்தனையாவது வரி, இத்தனையாவது எழுத்து" என்று அது சொல்வது நாம் எழுதிய கோப்போடு அப்படியே ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக. எளிமையான, அழகான யோசனை.

ஆனால் நோட் ஊகிப்பதே இல்லை. வகைப் பெயரை 'டைப்' இல்லாமல் இறக்குமதி செய்தால் அதைப் பொருள் என்றே எடுத்துக்கொள்ளும். ஓடும்போது பிழை வரும். மேலும், இடைவெளி போட்டு அழிக்க முடியாத அமைப்புகள் சில டைப்ஸ்கிரிப்டில் உண்டு. ஈனம் எனப்படும் எண்ணிடு பட்டியல் அவற்றுள் ஒன்று. அது வகையாகவும் இருந்து ஓடும்போது பொருளாகவும் உருவெடுப்பது. இத்தகையவற்றை நோட்டின் இந்த எளிய உரிப்பு ஏற்பதில்லை. இவற்றைத் தவிர்த்து எழுத விரும்புபவர்களுக்கு உதவியாக, 2025-இல் வந்த டைப்ஸ்கிரிப்ட் 5.8 பதிப்பில் 'எரேசபிள் சின்டாக்ஸ் ஒன்லி' என்ற அமைப்பு சேர்க்கப்பட்டது. களையக்கூடியதை மட்டும் எழுது என்பது அதன் கட்டளை.

மற்ற மொழிகளில்

களையும் இவ்வழக்கம் டைப்ஸ்கிரிப்டுக்கு மட்டும் உரியதன்று. 2004-இல் வந்த ஜாவா 5 பதிப்பிலிருந்து ஜெனரிக்ஸ் எனப்படும் வகைக் குறிப்புகள் சரிபார்த்த பின் அழிக்கப்படுகின்றன. கேரளப் பள்ளி ஐ.சி.டி. பாடத்தில் நம் பிள்ளைகள் படிக்கும் பைதான் மொழியிலும், வகைச் சரிபார்ப்புக்கு மட்டும் தேவையான இறக்குமதிகளை ஒரு நிபந்தனைக்குள் தனியாக எழுதும் வழக்கம் உண்டு. சரிபார்க்கும் கருவி மட்டும் அந்த நிபந்தனையை உண்மை என்று கொள்ளும். ஓடும்போது அது பொய். ஆகவே அவை ஏற்றப்படுவதில்லை. பள்ளியில் பைதான் அறிந்த பிள்ளைக்கு இக்கட்டுரையின் கருத்து அந்நியமாக இராது.

சீட்டு இல்லாத இடத்தில் காவல்

கடைசியாக ஒன்று. வகைகள் களையப்பட்ட பிறகு, ஓடும் நிரலில் காவல் எதுவும் இல்லை. வெளியிலிருந்து வரும் படிவமோ, கோப்போ, வேறு கணிப்பொறி அனுப்பும் செய்தியோ நாம் எழுதிய வகைப்படி இருக்கும் என்று உறுதி கிடையாது. "எடை என்பது எண்" என்று நிரலில் அழகாக எழுதியிருந்தாலும், படிவத்தில் எழுத்தாக வந்தால், தொடக்கத்தில் சொன்ன அதே 5020 மீண்டும் வரும். ஜி.எஸ்.டி. வந்தபின் வணிகவரிச் சாவடிகள் மறைந்தன. ஆனால் 2018 ஏப்ரல் முதல், மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு இ-வே பில் வந்தது. சாவடி மறைந்தாலும் சரிபார்ப்பு வேறு வடிவில் இருந்தே தீர வேண்டும். அதுபோல, வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு மதிப்பும் உள்ளே நுழையும் இடத்தில், இது எண்தானா, பூஜ்யத்துக்கு மேற்பட்டதா என்று ஓடும் நிரலிலேயே சோதித்துக்கொள்ள வேண்டும். வகைக் குறிப்பு இந்த வேலையைச் செய்யாது.

இதுவரை சொன்னவற்றைத் தொகுத்துத் தருகிறேன். வகைக்காக மட்டும் பெறும் பெயர்களை 'இம்போர்ட் டைப்' என்று எழுதுங்கள். மறு ஏற்றுமதிக் கோப்பில் வகைகளுக்கு 'எக்ஸ்போர்ட் டைப்' தவறாமல் போடுங்கள். வேலை செய்வதற்காக மட்டும் ஏற்றும் கோப்பைப் பெயரில்லாமல் தனி வரியில் ஏற்றுங்கள். 'வெர்பேட்டிம் மாட்யூல் சின்டாக்ஸ்' அமைப்பைத் தொடக்கத்திலேயே இயக்கிவிடுங்கள். வேகக் கருவியோ நோட்டோ எதைக் கொண்டு ஓட்டினாலும், வகைச் சரிபார்ப்பை டைப்ஸ்கிரிப்ட் கம்பைலரைக் கொண்டு தனியாகச் செய்யுங்கள். உரிப்பது வேறு, சரிபார்ப்பது வேறு. நிரல் நின்றால் பிழைச் செய்தியில் உள்ள பெயர் பொருளா, சீட்டா என்று முதலில் கேளுங்கள்.

நம் பிள்ளைகளுக்கு அறிவுக்குக் குறைவில்லை. தடுக்கி விழும் இடத்தில் "உன் மொழிதான் காரணம், உன் ஊர்தான் காரணம்" என்று யாரேனும் சொல்லிவிட்டால், அதை நம்பி ஒதுங்கிவிடுகிறார்கள். உண்மைக் காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் பழக்கத்தை அவர்களுக்கு உண்டாக்குவது பெரியவர்களாகிய நம் கடமை. கணிப்பொறி படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இந்தப் பக்கத்தை அவர்கள் கையில் கொடுங்கள். அவர்களில் ஒருவருக்குப் பயன்பட்டாலும் எழுதியதன் பயன் கிடைத்ததாக மகிழ்வேன்.